ஸ்க்ரூத் தலையில் ஒரு கீறல்

பக்கத்தில் பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள் என் அக்கா. அவள் ஆயுள் முழுக்கத் துப்பாக்கிகளுக்கு வயது சொல்லிச் சம்பாதித்தாள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். "சுடத் தெரிஞ்சவனுக்குத் துப்பாக்கியைப் பாக்க எங்க நேரம்? அவன் குறியைப் பாப்பான். நான் துப்பாக்கியைப் பாக்கறவ" என்பாள்.

ஏலக்கடையில் அவள் சேர்ந்தது டைப் அடிக்க. பழைய சாமான்களை மதிப்பிடுகிறவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, இவள் விவரம் அடித்துக் கொடுப்பாள். மேஜை நாற்காலிக்கு ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர், படங்களுக்கு ஒருவர். துப்பாக்கி பார்த்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டால் ஜில்லென்று இருக்கும், போலீஸ் தொல்லை வேறு. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "அவர் சொன்னதையெல்லாம் நீங்கதானேம்மா டைப் அடிச்சீங்க? உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கடையில் அவளுக்கு 'துரு டாக்டர்' என்று பெயர். ஒரு துப்பாக்கி வந்தால் உடனே தொடமாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பாள். பிறகு மோந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி. போலியாகப் பழசாக்கப்பட்டதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். "நிஜத் துரு ஒழுங்கா வராதுடி. கை பட்ட இடத்துல வராது, படாத இடத்துல அப்பிக்கிட்டு இருக்கும். எல்லா இடத்துலயும் சமமா இருந்தா அது மேக்கப்."

அவளுக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று, பழைய இரும்பைத் தேய்க்கக்கூடாது. வருஷக்கணக்கில் படிந்த பழுப்புதான் அதன் தோல். வாங்குகிறவன் அந்தத் தோலுக்குத்தான் காசு கொடுக்கிறான். இன்னொன்று, ஸ்க்ரூவைத் திருப்பக்கூடாது. தலையில் கீறல் இல்லாத ஸ்க்ரூ என்றால் தொழிற்சாலையை விட்டு வந்தபின் யாருமே அதைக் கழற்றவில்லை என்று அர்த்தம். அதற்குத் தனி மதிப்பு. திருப்புளி வழுக்கி ஒரு கீறல் விழுந்தால் போச்சு. முதல் கட்டளையை வீட்டிலும் கொண்டுவந்துவிட்டாள். நான் பித்தளைச் செம்பைத் தேய்க்க உட்கார்ந்தால், "விடுடி, அதோட தோலை உரிக்காதே" என்பாள். "பாத்திரம் தேய்க்காம தப்பிக்க நல்ல தத்துவம் கண்டுபிடிச்சே" என்பேன் நான்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் அவளோடு வந்து இருந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு முறை பேச்சு வந்தது. பையனின் அம்மா, "பொண்ணு துப்பாக்கியோட பழகுதாமே, கோபம் கீபம் வருமா?" என்று கேட்டார்களாம். அக்கா, "வரும், ஆனா குண்டு கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. அவளுக்கு முழங்கால் மோசமான பிறகு கடையில் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் என் ஸ்கூட்டரில்தான். அதனால்தான் இப்போது சொல்லப்போகிற துப்பாக்கி விஷயத்தில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது.

அதைக் கொண்டுவந்தது ஒரு லாரி மெக்கானிக்கின் மனைவி. மெக்கானிக் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த அம்மா துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார். கூடவே அவருடைய கொழுந்தனார், நல்ல வாயாடி. அன்றைக்கு அக்கா சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டாள் என்று நான் கொண்டுபோயிருந்ததால் அறையின் மூலையில் இருந்தேன்.

போர்வையை விலக்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். துப்பாக்கி கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"யாருங்க தேய்ச்சது?"

"நான்தான் மேடம். வாரா வாரம் தேய்ப்பேன். இங்க காட்டணும்னு சொன்னாங்களா, அதான் நேத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சேன்."

கொழுந்தனார் பெருமையாகச் சொன்னார்: "அண்ணி கை பட்டா இரும்புக் கேட்டே கண்ணாடி ஆயிடும் மேடம்."

"ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

கொழுந்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன வெலை போகும்? ஒரு கார் வாங்கலாம்னு என் ஃபிரெண்டு சொல்றான்."

"தேய்க்காம இருந்தா நல்ல பைக் ஒண்ணு வாங்கலாம். இப்ப இருக்கற நிலைமைக்கு ஒரு சைக்கிள். அதுவும் பழசு."

"போச்சுடா! அண்ணி, ஒரு பைக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சு சைக்கிளாக்கிட்டீங்களே!"

"நான் விக்கறதுக்குத் தேய்க்கலையே" என்றார் அந்த அம்மா. பிறகு அக்காவைப் பார்த்து, "வெலை வேண்டாம் மேடம். வயசு சொன்னா போதும்" என்றார்.

அந்த வயதில்தான் அவர் கவலை முழுக்க இருந்தது. இங்கே சட்டம் அப்படி. ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்னால் செய்து முடித்த துப்பாக்கி என்றால் பழம்பொருள். லைசென்ஸ் வேண்டாம், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் செய்தது என்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அங்கே போனால் துண்டாக்கி உருக்கத்தான் போடுவார்கள். பழம்பொருள் என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லி ஸ்டேஷனில் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் வேட்டைக்குப் போவாரா?" என்று கேட்டாள் அக்கா.

"ஐயய்யோ, எலிப்பொறி வைக்கவே மனசு வராது அவருக்கு. அவங்க அப்பா வச்சிருந்தது. தோட்டா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது." கொஞ்சம் தயங்கினார். "சாயங்காலம் பட்டறையிலேர்ந்து வருவார். கை கழுவிட்டு நேரா இதைத்தான் எடுப்பார். இந்த வளையத்தைக் கீழ தள்ளி மேல இழுப்பார். ரெண்டு தடவை. மறுபடி மாட்டிடுவார். நான் சமையக்கட்டுல இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டா வந்துட்டார்னு தோசைக்கல்லை அடுப்புல ஏத்துவேன்."

விசைக்குக் கீழே இருக்கிற கைப்பிடி வளையத்தைத்தான் சொன்னார். அதுதான் லீவர். தள்ளி இழுத்தால் தீர்ந்த தோட்டா வெளியே விழுந்து அடுத்தது உள்ளே ஏறும். அக்கா அதை மெதுவாகத் தள்ளி இழுத்தாள். கிளிக், கிளாக். எண்ணெய் போட்டுப் பழக்கிய இரும்பின் சத்தம். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப நானே பண்றேன் தினமும்" என்றார் அவர் கடைசியில். "எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

லீவர் மறைக்கிற இடத்தில், துப்பாக்கி உடலின் அடிப்பக்கம் ஒரு எண் வெட்டியிருந்தது. எந்த எண் எந்த வருஷம் என்று அந்தக் கம்பெனிக்கு ஓர் அட்டவணை உண்டு. அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். சட்டம் சொல்கிற வருஷத்துக்கு முன்னால்தான் வந்தது. ஸ்க்ரூக்களைப் பார்த்தாள். ஒன்றிலும் கீறல் இல்லை.

"கவலைப்படாதீங்கம்மா. பழசுதான். எழுதித் தர்றேன். இன்னைக்கு இங்க விட்டுட்டுப் போங்க."

அதுவரை நின்றுகொண்டே இருந்த அந்த அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் கூட்டிப்போக நான் திரும்ப வந்தபோது அக்கா கிளம்பியிருக்கவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கண்ணு பட்டுடப் போகுது, கிளம்பு."

"பின்பக்கம் குறி பாக்கற தகடு இருக்கு பாரு. இந்த நம்பருக்கு அது ரொம்பச் சின்னப் பொண்ணா, புதுசா இருக்கு."

"மாத்திப் போட்டிருப்பாங்க."

"மாத்தினா அந்த இடத்துல தடம் இருக்கும். இல்லை." மேஜை இழுப்பறையைத் திறந்தாள். "நான் ஒரு பாவம் பண்ணப் போறேன். கொஞ்சம் டார்ச் அடி."

குழலுக்குக் கீழே கையால் பிடிக்கிற மரக்கட்டை ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் குழலின் வயிறு தெரியும். கழற்ற ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அத்தனை வருஷத்தில் அவள் செய்யாத வேலை. முதல் ஸ்க்ரூ இறுகிப் போயிருந்தது. அழுத்தித் திருப்பியதில் திருப்புளி வழுக்கி, தலையில் கோணலாக ஒரு கீறல் விழுந்தது. "சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். குழந்தையின் கையில் சூடு வைத்துவிட்ட மாதிரி அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவினாள்.

கட்டை கழன்று வந்தது. அந்த அம்மாவின் கை எட்டாத இடம் அது. காவியும் கறுப்பும் கலந்த, தேன் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு. அக்கா ஒரு நிமிஷம் எதற்குக் கழற்றினோம் என்பதையே மறந்து அதைப் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருந்திருக்கு பாரேன் இது."

நடுவில் இரண்டு இலக்கம் குத்தியிருந்தது. குழல் பூட்டிய வருஷம். சட்டம் சொல்கிற வருஷத்தைத் தாண்டியது.

வேறு குழலை மாட்டியிருப்பார்களோ என்று அவள் தேடினாள். கட்டையின் உள்பக்கம், தோளில் சாய்க்கிற பின்கட்டைத் தகட்டின் அடியில், உடலில், எல்லா இடத்திலும் ஒரே தொழிலாளி ஒரே நாளில் கீறிய ஒரே அடையாளம். உடலை முன்னாடியே செய்து எண் போட்டு, தொழிற்சாலை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள். சில வருஷம் கழித்து எடுத்துக் குழலோடு பூட்டியிருக்கிறார்கள். சட்டம் கேட்பது முழுசாய் முடித்த வருஷத்தை. எண்ணை மட்டும் நம்பியதில் அவள் ஏமாந்துவிட்டாள். ஸ்க்ரூவைத் திருப்பக்கூடாது என்கிற பக்தியால் வந்த தப்பு.

நான் டார்ச்சை அணைத்தேன். "கட்டையைப் பூட்டிடு அக்கா. யாரு இனிமே கழட்டிப் பாக்கப் போறா?"

"பாப்பாங்க. அந்தம்மாவுக்குப் பிறகு யார் கையிலயாவது போகும். இல்லை, நாளைக்கே பிடிக்காதவன் எவனாவது எழுதிப் போடுவான். ஸ்டேஷன்ல கழட்டுவாங்க. நான் எழுதிக் கொடுத்தது தப்புன்னு என்னைத் திட்டினா திட்டட்டும். வச்சிருந்தது அவங்க. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கின்னு கேஸ் அவங்க மேலதானே வரும்? இந்த வயசுல அவங்க ஸ்டேஷன் பெஞ்சுல உக்காரணுமா?"

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் நேராக அந்த வீட்டுக்குப் போகச் சொன்னாள். இரண்டு அறை வீடு. முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகள். நடுவில், சுற்றியிருந்த சுண்ணாம்பு மங்கியிருக்க, துப்பாக்கியின் உருவம் மட்டும் வெளுப்பாக நின்றது. அந்த அம்மா எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அக்கா தம்ளரைத் தொடாமலே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

கொழுந்தனார் எகிறினார். "நேத்து பழசுன்னீங்க, இன்னைக்குப் புதுசுங்கறீங்க! ஒரே ராத்திரியில வயசு குறையுமா? அந்த மருந்து இருந்தா எனக்கும் கொஞ்சம் குடுங்க!"

"கத்தாதீங்க" என்றேன் நான்.

"கத்தட்டும்" என்றாள் அக்கா. "தப்பு என்னோடது. கழட்டிப் பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். நேத்து நல்ல செய்தி சொல்லி உங்களை உக்கார வச்சேன். இன்னைக்கு அதைப் பிடுங்கறேன்."

அந்த அம்மா சுவரில் இருந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் ஆணியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். மாட்ட எதுவும் இல்லாத ஆணி. அதைப் பார்த்ததும் கொழுந்தனாரும் குரலை இறக்கிக்கொண்டார். "விடுங்க அண்ணி, ஸ்டேஷன்ல சொல்றதுக்கு நான் எதாவது ஆளைப் பிடிக்கறேன்" என்று முணுமுணுத்தார்.

அக்கா தம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவள் சொல்லப்போவதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"இன்னொரு வழி இருக்கு. துப்பாக்கியைச் சாகடிச்சிடலாம். குழல்ல ஓட்டை போட்டு, உள்ள இரும்புத் தண்டு வச்சு வெல்டிங் பண்ணிடுவாங்க. தோட்டாவை அடிக்கற ஊசியை எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை. வீட்டுல வச்சுக்கலாம். ஆனா ஒரு காசுக்குப் பிரயோஜனம் இருக்காது. சைக்கிள் இல்லை, சைக்கிள் மணிகூட வாங்க முடியாது."

கடையில் யாராவது இப்படி வெல்டிங் வைத்த துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கொலை என்பாள். அவள் வாயால் அந்த யோசனை வந்தது.

அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தச் சத்தம் இருக்குமா?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியலைம்மா. கேக்கறேன்."

ஸ்டேஷனில் அனுமதித்த வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. அந்த ஆள் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத்தமா ஒட்டிடலாம் மேடம். லீவர், விசை, எல்லாத்தையும். அரை மணி வேலை, பிரச்சனையே வராது" என்றார்.

"லீவர் அசையணும்."

"எதுக்கு மேடம்? சுடத்தான் போறதில்லையே."

"சுடக்கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது. அசையக்கூடாதுன்னு எங்க சொல்லுது?" கைப்பையிலிருந்து அரசாங்க விதிகள் அச்சடித்த தாள்களை எடுத்தாள். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார். மூன்றாம் பக்கம் திரும்பியபோது வெல்டிங்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் மேடம், லீவரை விட்டுடறேன். நீங்க ஸ்கூல்ல டீச்சரா?"

"இல்லை, டாக்டர்" என்றார் கொழுந்தனார். அவருக்கு அதற்குள் கடையில் வைத்த பெயர் தெரிந்துபோயிருந்தது. அன்றைக்கு அவரும் வந்திருந்தார். துப்பாக்கியைத் தூக்கிவர ஆள் வேண்டுமே என்று தானாகவே வந்தார்.

சூடு பட்டுக் கருகக்கூடாதென்று மரக்கட்டைகள் இரண்டையும் கழற்றி அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். பொறி பறக்க ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பலூன் வெடிக்கப் போவது போலக் காதுகளைப் பொத்திக்கொண்டாள். கட்டை சரிந்து விழப்போனது, நான் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து, ஆறி, கட்டைகளைப் பூட்டியபின் அவளே எழுந்துபோய் லீவரைத் தள்ளினாள். உள்ளே ஏதோ உரசியது. சத்தம் வரவில்லை. வெல்டிங்காரரைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, அரத்தை எடுத்து, ஒரு துளி இரும்பை ராவினார். மறுபடி தள்ளினாள்.

கிளிக், கிளாக்.

"இப்ப என்ன வெலை போகும் டாக்டர்?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"கிலோ கணக்குல பழைய இரும்பு வெலை."

"அப்ப சரி, வீட்டுல மாட்டறதுக்கு ஏத்த சாமான்தான்" என்று சிரித்துவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார்: "மேடம், இதை இனிமே தேய்க்கலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்கம்மா" என்றாள் அக்கா.

கடையில் அதற்காக அவளுக்குப் பாராட்டு விழா எதுவும் நடக்கவில்லை. ஒரு தடவை வாயால் சொன்ன வயதை மாற்றினால் கடை பெயர் என்னாவது என்று முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவள் அதற்குப் பிறகு ஸ்க்ரூவைத் திருப்பாமல் எந்தத் துப்பாக்கிக்கும் வயது சொல்லவில்லை. கொண்டுவந்தவர்கள் சண்டை போட்டார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவள் நல்ல திருப்புளிகளாகத் தேடி வாங்கி, ஒவ்வொன்றின் முனையையும் அந்தந்த ஸ்க்ரூவுக்குத் தகுந்த மாதிரி ராவி வைத்துக்கொண்டாள். மறுபடி ஒரு கீறல் விழ விடவில்லை.

போன மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். நெஞ்சில் சளி என்று ஆரம்பித்தது. யார் யாருக்கோ சொன்னேன். அந்த அம்மாவின் நினைவு பிறகுதான் வந்தது. ஃபோன் எண் இல்லை. ஸ்கூட்டரில் போனேன், பின்சீட்டில் ஆள் இல்லாததால் மேடு பள்ளத்திலெல்லாம் வண்டி துள்ளியது.

சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்து என் மடியில் வைத்தார். ஆறுதலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள் இல்லையா, அப்படி. என் முகம் அதில் தெரிந்தது. என் விரல் தானாகக் குழலுக்கு அடியிலிருந்த கட்டையின் ஸ்க்ரூவுக்குப் போனது. தேடவேண்டியிருக்கவில்லை. கோணலாக, நகம் மாட்டுகிற ஆழத்துக்கு, அது அங்கேயே இருந்தது.

"என்னம்மா பாக்கறே?"

"ஒரு கீறல். அக்கா போட்டது. கை வழுக்கிடுச்சு."

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, இத்தனை நாளா தேய்க்கறேன், கவனிக்கவே இல்லையே." விரலால் தொட்டார். பிறகு பயந்த மாதிரி கையை எடுத்துக்கொண்டார். "தேய்ச்சா போயிடுமா?"

"போகாது" என்றேன். "அது போகாது. நீங்க தேய்ங்க."

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை வாங்கி, லீவர் வளையத்தில் கையை வைத்துக்கொண்டார். வழக்கமான நேரம் போலிருக்கிறது.